ரப்பர் பேண்ட் போட்ட சிடி வாக்மேன்



ஆசிரியரே, கேசட் காலத்தை உருகி உருகி எழுதிய நீங்கள் சிடி வாக்மேனை மறந்துவிட்டீர்களே! கையடக்க சிடி பிளேயரை சோனி 1984-லேயே கொண்டுவந்துவிட்டது. கம்பத்தில் என் கைக்கு எட்டியது 2003-ல். அதுவும் பேர் தெரியாத கம்பெனி, பேரம் பேசி வாங்கியது.

குமுளி பஸ்ஸில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் வளைவுக்கு வளைவு பாட்டு திக்கும். மூடியில் 'ஆன்டி ஷாக்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சில நொடிப் பாட்டை முன்கூட்டியே நினைவகத்தில் சேர்த்து வைக்கும் ஏற்பாடுதான் அது. எங்கள் ரோட்டிடம் பலிக்குமா? மடியில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் ஏந்திக்கொண்டே போவேன். பென்சில் பேட்டரி போய்த் திரும்பும்வரை தாங்காது. மூடிக் கொக்கி உடைந்த பிறகு ரப்பர் பேண்ட்தான் காவல்.

ஆனாலும், பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வயலின்களை, கேசட்டின் 'உஸ்' இரைச்சல் இல்லாமல் முதலில் கேட்டது அதில்தான்.

இப்போது லென்ஸ் போய்விட்டது. ரிப்பேர் கடையில், "போன்ல கேளுங்கண்ணே" என்கிறார்கள். லென்ஸ் மாற்றித் தரும் கடை தேனிப் பக்கம் இருந்தால் யாராவது எழுதுங்களேன்.

- ஒரு வாசகர், கம்பம்