தலையெழுத்தா, தடுக்கக்கூடியதா?

நாற்பத்தைந்து வயதுக் கட்டடத் தொழிலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், "அவன் விதி அவ்வளவுதான்" என்கிறது ஊர். விதியாம், விதி! எழுத்து தலையிலே இல்லை. இரத்தக் குழாயின் சுவரிலே இருக்கிறது. கொலஸ்டிரால் என்னும் கொழுப்பு அங்கே ஆண்டுக் கணக்கில் படிகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு.

"அது நெய்யும் கறியும் தின்னும் பணக்காரன் வியாதி" என்று சொல்லியே ஏழையை ஏமாற்றிவிட்டார்கள். திமிர் பிடித்தவனைக் 'கொழுப்பெடுத்தவன்' என்று ஏசுகிறோமல்லவா, அந்த நினைப்பு! கொலஸ்டிராலில் பெரும்பகுதியை உடலே உண்டாக்குகிறது. ஒட்டிய வயிறுக்காரனுக்கும் பரம்பரைக் குறையால் அது மிகும். பீடியும் சர்க்கரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அறிந்துகொள்ளச் சிறிது இரத்தம் போதும். சீட்டிலே எல்.டி.எல். என்றிருக்கும் எண்ணைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமை எட்டினால் தாமதமின்றி டாக்டரைக் காணவேண்டும். எட்டாவிட்டால் கவலையில்லை என்று பொருளல்ல. மாரடைப்பு ஒருமுறை கண்டவருக்கு அதை 70க்கும் கீழே இறக்கவேண்டும். முதல் சோதனைக்குப் பெரும்பாலும் வெறும் வயிறுகூடத் தேவையில்லை.

மருந்தும் இருக்கிறது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து வழி கண்டது 1970களில். ஸ்டாட்டின் மாத்திரைக்கு அமெரிக்கா முதன்முதலில் அனுமதி தந்தது 1987ல்.

இங்கேதான் அரசினரைக் கேட்கிறோம். 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி வருவோருக்கு அங்கேயே முதல் மாத்திரைகள் கிடைக்க வகை செய்தது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அம்மாத்திரைகளில் ஒன்று அட்டர்வாஸ்டாட்டின். கொலஸ்டிராலைக் குறைக்கும் அதே ஸ்டாட்டின்! நெஞ்சு வலித்தபின் கொடுப்பதை, வலிக்கு முன்பே தேவைப்படுவோரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாலென்ன?

தனியார் ஆய்வகங்கள் வேண்டியதும் வேண்டாததுமாகச் சோதனைகளை மூட்டை கட்டி விற்கின்றன. அதில் இந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, நாற்பது வயது கடந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்ய எவ்வளவு செலவாகும்? கணக்குப் போட்டு வரவு செலவுத் திட்டத்திலே வைக்கட்டும்.