மாநகரில் ஓர் அறை

சென்ற வாரம் சாட்டிக் கடற்கரையில் மாலை உலாவச் சென்றிருந்தபோது, பழைய மாணவர் ஒருவர் இலண்டனிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "சேர், இவ்வளவு சனமிருந்தும் கதைக்க ஒருவருமில்லை" என்றார். ஆறுதல் கூற அறியாது, இரண்டு நாவல்களின் பெயரைக் கூறினேன். அன்பான வாசகர்களுக்கும் இவ்வாரம் அவற்றையே கூறுகிறேன்.

முதலாவது, பற்றிக் ஹமில்ரன் 1947இல் வெளியிட்ட 'தி ஸ்லேவ்ஸ் ஒவ் சொலிடியூட்'. 'தனிமையின் அடிமைகள்' என்று தமிழாக்கலாம். ஹிச்கொக் 1948இல் படமாக்கிய 'ரோப்' நாடகத்தை எழுதியவர் இவரே. நாடகங்கள் ஈட்டிய புகழ் நாவல்களை மறைத்துவிட்டது. போர்க்காலம். குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டனை விட்டு வந்த மிஸ் ரோச் என்னும் மாது, தேம்ஸ் நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறாள். பதிப்பகமொன்றில் உத்தியோகம். ஒவ்வோர் இரவும் அதே உணவு மேசை. எதிரே துவைற்ஸ் என்ற கிழவரின் குத்தல் பேச்சு. கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆயினும் அம்மேசையைக் கடந்து அவள் தன் அறைக்கு ஏறிச் செல்லும்வரை நமக்கு மூச்சு முட்டுகிறது. அங்கு வரும் ஜேர்மன் பெண்ணை மட்டும் ஆசிரியர் அளவுக்கு மீறிக் கறுப்பாகத் தீட்டிவிட்டார் என்பது என் கருத்து.

மற்றையது நம்மவர் நூல்: எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு'. கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞரான செந்தில்நாதன், மனைவியைக் காணும் ஏக்கத்துடன் யாழ்ப்பாணம் வருகிறான். வீடு நிறைய உறவினர். தனித்திருக்க வேளை வாய்ப்பதேயில்லை. வந்தபடியே திரும்புகிறான். இளமாணவர் சற்று வளர்ந்தபின் வாசிக்கலாம். ஆனால், ஆபாசமென்று இதனை ஒதுக்குவோர் அந்த மனிதனின் துயரைக் காணத் தவறியவர்களே.

என் தந்தையார் கொழும்பில் ஒரு புடைவைக்கடையில் கணக்கெழுதியவர். 1983 ஆடிக் கலவரத்தோடு ஊர் திரும்பினார். இடப்பெயர்வுகளிலும் அம்மா கைவிடாத றங்குப்பெட்டியில் அவர் கடிதங்கள் உள்ளன. மழை பெய்ததா, கிணற்றில் நீர் உவர்த்துவிட்டதா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்ற வினாக்களே எல்லாவற்றிலும். தம்மைப் பற்றி ஒரு வரியுமில்லை. எழுத ஒன்றுமில்லாமற்போலும் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

'சடங்கு' வாசித்தபின் அதனை அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாட்களில் திருப்பித் தந்தார்.

"எழுதினவன் சரியாய்த்தான் எழுதியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் தம்பி கஷ்டம். அன்றைக்குக் கடை பூட்டு" என்றார்.

மேலும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாணவர் ஹமில்ரனின் நூலை வாங்கிவிட்டாராம். 'சடங்'கை, அடுத்த மாதம் இலண்டன் செல்லும் அயலவர் ஒருவரிடம் கொடுத்தனுப்ப எடுத்து வைத்திருக்கிறேன்.