மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங்

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. வானிலை ஆய்வு மையக் கணக்கில் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கும் மேலே போனால் அதி கனமழை. அதே அறிக்கையின் ஆங்கில வடிவில் இந்தக் 'கன'த்துக்கு நிற்கும் சொல் 'ஹெவி'.

லாரி ஓட்டுநருக்கு அந்தச் சொல்லின் கணக்கே வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, சுமையோடு சேர்த்து 12,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிதான் 'ஹெவி'. 'ஹெவி ஸ்மோக்கர்' என்றால் ஓயாமல் புகைப்பவர். ஆள் ஒல்லிக்குச்சியாகவும் இருக்கலாம். இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவர் 'ஹெவி ஸ்லீப்பர்'. பெருந்தொகை அபராதம் 'ஹெவி ஃபைன்'. ஆனால் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சொற்பட்டியலில் பெரும்பாலும் ஒரே வரிதான்: ஹெவி என்றால் கனமான.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் மழையும் பலத்த மழை, காற்றும் பலத்த காற்று. அதை நம்பி மாணவி 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதுகிறாள். சிவப்பு மையில் ஒரு கோடு விழுகிறது. எந்த விதியை மீறினாள்? எதையும் மீறவில்லை. ஆங்கிலம் பேசுவோர் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', மூடுபனிக்கு 'திக்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். இப்படிச் சொற்கள் ஜோடி சேர்வதை 'கொலோகேஷன்' என்ற பெயரில் மொழியியலுக்குள் கொண்டுவந்தவர் ஜே.ஆர். ஃபர்த், லண்டனில் பேராசிரியர் ஆவதற்கு முன் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர்.

காற்று வீசும், மழை கொட்டும் என்று நமக்கு யாரும் பட்டியல் போட்டுத் தரவில்லை. கேட்டுக் கேட்டே வந்தது. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு 'ஹெவி ரெயின்' அப்படியே வந்துவிடும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பாடநூலை விட்டால் வேறு வழியில்லை. அந்தப் பாடநூலும் தனிச்சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், குறையும் மதிப்பெண்ணை அவள் கணக்கில் எழுதுவது அநியாயம்.

சொற்ஜோடிகளுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு 2002இல் மாணவர் அகராதி ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொரு அரசுப் பள்ளி நூலகத்திலும் அதில் ஒரு பிரதியாவது இருக்க வேண்டும். வினாத்தாளும் மாறட்டும்: 'ஹெவி'க்குப் பொருள் கேட்பதை விட்டுவிட்டு, மழை, காற்று, மூடுபனி ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து, எதற்கு எந்த அடைமொழி சேரும் என்று கேட்கலாம்.