எறும்பு கடிக்கிற மாதிரி...

குழந்தைக்கு ஊசி போடுகிற இடத்தில் நம் ஜனங்கள் பேசும் வசனங்கள் மொத்தம் மூன்றுதான். ஒன்று: 'எறும்பு கடிக்கிற மாதிரிதான்டா இருக்கும்.' இரண்டு: 'ஆம்பளப் புள்ள அழலாமா?' மூன்று: 'அழுதே... டாக்டர் இன்னொரு ஊசி போட்டுருவாரு!' மூன்றையும் சொல்கிறவர்களிடம் ஓர் ஒற்றுமை உண்டு. ஊசி அவர்களுக்கு இல்லை.

இதே அப்பாவுக்குப் பல்வலி வரட்டும். கன்னத்தில் கை, அரை நாள் லீவு, கேன்டீன் பையன் வரைக்கும் நியூஸ் போய்விடும். பெரியவர் வலிக்கு வாய் இருக்கிறது. நாலு வயசு வலிக்கு?

'குழந்தைதானே, மறந்துடும்' என்று சொன்னது பாட்டிமார் மட்டுமில்லை சார். மெத்தப் படித்த மருத்துவமே ரொம்ப காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தைக்கு நரம்பு சரியாக வளரவில்லை, வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பினார்கள். அமெரிக்காவில் 1980களின் நடுவில்கூட, குறைமாதக் குழந்தைகளை அசையாமல் வைக்க மட்டும் மருந்து கொடுத்து, சரியான மயக்க மருந்து இல்லாமலே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிகள் இருந்தன. குழந்தைக்கு வலி போகவில்லை. கத்தத்தான் முடியவில்லை.

இந்த நம்பிக்கையை ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் ஜோ ஈலண்ட். அமெரிக்க நர்ஸ். 1970களில் அயோவா பல்கலைக்கழகத்தில் நர்ஸிங் மேல்படிப்பு படித்தவர். ஆராய்ச்சி என்றதும் பெரிய மெஷின், கண்ணாடிக் குழாய் என்றெல்லாம் நினைக்காதீர்கள். நான் பி.காம். என்பதால் என் பாஷையில் சொல்கிறேன்: அம்மணி செய்தது ஆடிட். ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 25 சிறு குழந்தைகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, வலிக்கு யாருக்கு எத்தனை டோஸ் மருந்து கொடுத்தார்கள் என்று கூட்டிப் பார்த்தார்.

25 பேருக்கும் சேர்த்து மொத்தம் 24 டோஸ். அதிலும் 13 குழந்தைகளுக்கு ஒன்றுகூட இல்லை. காய்ச்சல், சளி கேஸ்கள் இல்லை இவை. பாதம் துண்டான குழந்தை, சிறுநீரக ஆபரேஷன் ஆன குழந்தையெல்லாம் அந்த லிஸ்டில் உண்டு. சரி, இதே மாதிரி கேஸில் பெரியவர்கள்? 18 பேருக்கு 671 டோஸ்! தலைக்கு 37 சொச்சம். குழந்தைக்கு முழுசாக ஒன்றுகூடத் தேறவில்லை.

டாக்டர் எழுதவில்லையா? பல கேஸ்களில் எழுதியிருந்தார், 'தேவைப்பட்டால் கொடுக்கவும்' என்று. தேவையா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது நர்ஸ். குழந்தை அசையாமல் படுத்திருக்கிறது, ஆகவே வலி இல்லை என்று நர்ஸ் போய்விடுவார். அசைந்தால் வலிக்கும் என்றுதான் அது அசையாமல் கிடக்கிறது! வாயைத் திறந்து 'வலிக்குது' என்றும் சொல்லாது. ஏன் தெரியுமா? வலி மருந்து வருவதும் ஊசியில்தான். இருக்கிற வலி பரவாயில்லை என்று அதுவும் ஒரு கணக்குப் போடுகிறது.

1977ல் இது புத்தகத்தில் அச்சாகி வந்தது. கவனியுங்கள், ஒரு நர்ஸ் அம்பலப்படுத்தியது நர்ஸ்கள் பார்த்த வேலையைத்தான். நம்ம ஆபீஸில் எவராவது தன் செக்ஷன் ஃபைலைத் தானே தோண்டுவாரா? பக்கத்து செக்ஷன் ஃபைல் என்றால் உடனே மண்வெட்டியோடு வந்துவிடுவோம்.

சரி, வலியை எப்படி அளப்பது? அதற்குத் தராசு செய்தவர்களில் ஒருவரும் நர்ஸ்தான். பெயர் டோனா வாங். குழந்தை நர்ஸிங்குக்குப் பாடப்புத்தகம் எழுதியவர். 1981ல் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்ஸா நகரத்து ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில், குழந்தைகளுக்குத் தைரியம் சொல்லும் வேலையில் இருந்த கானி பேக்கரோடு சேர்ந்து முயற்சி செய்தார். ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லு என்றால் வாண்டுகளுக்குப் புரியவில்லை. ஆறு காலி வட்டங்களைக் கொடுத்து, 'மூஞ்சி வரை' என்றார்கள். புரிந்துவிட்டது! சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்துக் கண்ணீர் விடும் முகத்தில் முடிந்தது. பிறகு ஓவியரிடம் கொடுத்து ஒழுங்காக வரைந்தார்கள். இன்றைக்கு நம்மூர் ஆஸ்பத்திரிகளிலும் சுவரில் தொங்குகிற ஆறு முகச் சார்ட் அதுதான்.

(இன்க்ரிமென்ட் சமயத்தில் மேனேஜர் ரூம் வாசலிலும் ஒன்று மாட்டலாம். ஆறாவது முகத்துக்கு மேல் தேவைப்படும்.)

அதில் ஒரு முக்கியமான ரூல். குழந்தையின் முகத்தைப் பார்த்து நாமே 'இது நாலாவது' என்று முடிவு கட்டக்கூடாது. குழந்தைதான் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அழாத பிள்ளையும் அழுகிற முகத்தைத் தொடலாம். தொட்டால் நம்பத்தான் வேண்டும்.

நர்ஸுக்கு எதற்குக் காலேஜ், பட்டம், ஆராய்ச்சி என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நம் நாட்டில் பி.எஸ்ஸி. நர்ஸிங் 1946லேயே டெல்லியிலும் வேலூரிலும் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். ஷிஃப்ட் முழுக்கக் கட்டில் பக்கத்தில் நிற்கிறவர் நர்ஸ். அவருக்குக் கேட்கவும், எண்ணவும், எழுதவும், 'இது சரியில்லையே' என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த 24 டோஸ் கணக்கே சாட்சி. கற்றுக்கொடுத்துவிட்டு, வார்டு முழுக்க ஒரே நர்ஸை ஓடவிட்டால் சார்ட் சுவரில்தான் தொங்கும்.

கடைசியாக, நம் வசனத்துக்கு வருவோம். தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015ல் யோசனைகள் சொல்லியிருக்கிறது. கைக்குழந்தை என்றால் ஊசி போடும்போது அம்மா தாய்ப்பால் கொடுக்கலாம். மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்காமல், மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். முக்கியமாக, வலியைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது.

ஆகவே அடுத்த தடவை எறும்பைக் கூப்பிடாதீர்கள். 'கொஞ்சம் வலிக்கும்டா, அப்பா கையைப் பிடிச்சுக்கோ' என்று சொல்லுங்கள். முடிந்ததும், 'எவ்வளவு வலிச்சுது?' என்று கேளுங்கள். அவன் சொல்கிற பதிலைக் குறைத்து மதிப்பிடாமல் அப்படியே வரவு வையுங்கள்.