எல்லைப்புறத் தமிழரும் செல்போன் கோபுரமும்

வேலந்தாவளம் சந்தையிலோ மூணாறு பஜாரிலோ செல்போனைப் பற்றி ஜனங்கள் பேசிக்கொள்வதைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். பட்டணத்துக்காரர்கள் எந்தக் கம்பெனியின் போனில் காமிரா நன்றாக இருக்கிறது, எதில் சார்ஜ் அதிக நேரம் நிற்கிறது என்று சர்ச்சை செய்வார்கள். இங்கே அது இரண்டாம் பட்சம்தான். "உங்க பக்கம் டவர் கிடைக்குதா?" என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கிடைத்த பிறகுதான் எந்த போன், என்ன விலை, எந்த ரீசார்ஜ் என்ற பேச்செல்லாம்.

இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு நியாயமான பகுப்பாய்வு அடங்கியிருக்கிறது. போன் என்பது காசு கொடுத்து வாங்கும் பொருள். தோட்டத் தொழிலாளியும் தென்னந்தோப்புக் கூலியும் தவணையிலோ கடனிலோ அதை வாங்கிவிட்டார்கள். ஆனால் கோபுரத்தையும், அந்தக் கோபுரத்துக்கு வேண்டிய மின்சாரத்தையும், திரையில் தெரியும் மொழியையும் எந்தக் கடையில் போய் வாங்குவது? பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழரின் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. "எல்லோர் கையிலும்தான் போன் இருக்கிறதே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கும் உத்தியோகஸ்தர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதலில் பழைய கதை ஒன்று. 1990களின் நடுவில் மத்திய சர்க்கார் செல்போன் லைசென்ஸ் வழங்கியபோது நாட்டை வட்டங்களாகப் பிரித்தது. பெரும்பாலும் மாநில எல்லையே வட்டத்தின் எல்லையாயிற்று. கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு வேறு வட்டம். ஆனால் வானலைக்கு வாளையார் செக்போஸ்ட் தெரியுமா? கோபாலபுரத்திலும் குமுளியிலும் போடிமெட்டிலும் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் போன் அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். உடனே 'ரோமிங்' கட்டணம் விழும். பேசினாலும் பணம், வந்த அழைப்பை எடுத்தாலும் பணம். பொள்ளாச்சியில் பெண்ணைக் கொடுத்தவரும், கம்பத்து மார்க்கெட்டுக்கு ஏலக்காய் அனுப்புகிறவரும் இரண்டு சிம் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டுக் காலம் தள்ளினார்கள்.

2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். வரும் அழைப்புகளுக்கு ரோமிங் கட்டணத்தை ரத்து செய்தது. 2016 செப்டம்பரில் ஜியோ ரோமிங் கட்டணமே இல்லாமல் வந்தது. 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டது. இந்த இரண்டு வருஷங்களில் மலையும் மாறவில்லை, அலையும் மாறவில்லை. கட்டண விதி மட்டும்தான் மாறியது. அப்படியானால் அதற்கு முன் இருபது வருஷம் கட்டிய பணம் எதற்கு என்று இந்தப் பக்கத்து மக்கள் கேட்கிறார்கள். கம்பெனிகளின் மீது அவர்களுக்கு உள்ள அவநம்பிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தியபோது நாடெங்கும் பல லட்சம் பேர் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினார்கள் என்றால், அது வெறும் சிக்கனம் மட்டுமல்ல. ஆனால் மலங்காட்டில் மாறுவதற்கு வழியில்லை. எந்தக் கம்பெனியின் கோபுரம் எட்டுகிறதோ அதுவே கம்பெனி.

இத்தனைக்கும், டெலிபோன் தொழில் நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. பாலக்காட்டிலிருந்து வாளையார் செல்லும் வழியில் கஞ்சிக்கோட்டில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஐ.டி.ஐ. ஆலை 1976ல் அமைந்தது. நாட்டின் எக்ஸ்சேஞ்சுகளுக்கு மின்னணுக் கருவிகள் செய்து அனுப்பிய பொதுத்துறை ஆலை அது. 1991க்குப் பின் அந்நியக் கம்பெனிகளின் போட்டியில் ஆர்டர் குறைந்து ஐ.டி.ஐ. நலிந்தது. 2014ல் சுமார் 4,157 கோடி ரூபாய்ப் புனரமைப்புத் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது. 'ஸ்மாஷ்' என்ற பெயரில் கம்ப்யூட்டர்கள் செய்யத் தொடங்கி, 2023ல் கேரளப் பள்ளிகளுக்குச் சுமார் 9,000 லாப்டாப் சப்ளை செய்யும் டெண்டரைப் பெரிய அந்நியக் கம்பெனிகளோடு போட்டியிட்டுப் பெற்றதும் கஞ்சிக்கோடு ஆலைதான். டெலிபோன் கருவி செய்யத் தெரிந்த ஒரு ஜில்லாவின் எல்லைக் கிராமங்களில் சிக்னலுக்காகப் பிள்ளைகள் மேட்டில் ஏறி நிற்கிறார்கள் என்றால், குறை விஞ்ஞானத்தில் இல்லை என்பது விளங்குகிறதல்லவா?

பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்றதை 2020ல் நாடே பார்த்தது. கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடக்க, அந்த வருஷம் ஜூன் 1ஆம் தேதி கேரள சர்க்கார் 'பஸ்ட் பெல்' என்ற பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சி மூலம் வகுப்புகளைத் தொடங்கியது. டெலிவிஷனோ இணைய வசதியுள்ள போனோ இல்லாத மாணவர்கள் சுமார் 2.61 லட்சம் பேர் என்று சர்க்காரின் கணக்கே கூறிற்று. நல்லவர்கள் முன்வந்தார்கள், டி.வி. வாங்கிக் கொடுத்தார்கள், நூலகங்களில் பொதுவாக வைத்தார்கள். பாராட்ட வேண்டிய காரியம்.

ஆயினும் ஒரு நுட்பமான அநீதி இதில் ஒளிந்திருந்தது. மலையாள வகுப்புகள் டெலிவிஷனில் வந்தன. கேபிள் இருந்தால் போதும். தமிழ் மீடியம் வகுப்புகளோ முக்கியமாக யூடியூப் வழியாகவே தரப்பட்டன. அதைப் பார்க்கப் போன் வேண்டும், போனுக்கு டேட்டா வேண்டும், டேட்டாவுக்குக் கோபுரம் வேண்டும். கேரளத்திலேயே கோபுரம் குறைந்த மலைகளில், தேயிலைத் தோட்ட லயங்களில்தான் தமிழ் மீடியம் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். ஆக, வசதி மிகக் குறைந்த பிள்ளைக்கு வசதி மிக அதிகம் தேவைப்படும் ஏற்பாடு! தமிழ்ப் பிள்ளைகளைப் புறக்கணிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். தமிழ் வகுப்புகளைத் தயாரித்த ஆசிரியர்களின் உழைப்பையும் குறை சொல்வதற்கில்லை. எந்த மொழி வகுப்பு எந்த வழியாகப் போகிறது, அந்த வழி யார் வீட்டு வாசல் வரை வருகிறது என்று சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ராஜமலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பல கிலோமீட்டர் போய் மழையில் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டது அந்த ஜூன், ஜூலை மாதங்களில்தான்.

அதே ராஜமலைக்கு அப்பால் ஆகஸ்டில் நடந்ததை நாம் மறக்கலாகாது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பத்தே முக்கால் மணி அளவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் மாண்டனர். அவர்களில் நான்கு பேரின் உடல் கடைசி வரை கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தெற்கிலிருந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளிகளின் வம்சத்தார். கயத்தாறு பாரதிநகரில் பல வீடுகள் ஒரே நாளில் துக்க வீடுகளாயின. அன்றைக்கு மழையினால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் கோபுரமும் இல்லை. தப்பியவர்கள் இருட்டில் நடந்துபோய் வாய்வார்த்தையாகச் சொல்லித்தான் செய்தி நகர்ந்தது. வெளியுலகம் அறிந்தபோது பொழுது விடிந்துவிட்டது. பெரியவரைப் பாலம் வெள்ளத்தில் போயிருந்ததால் மீட்புப் படை சேர மேலும் தாமதம்.

போன் வேலை செய்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மண் மூடிய வேகம் அப்படிப்பட்டது. ஆனால் ஓர் இரவு முழுவதும் அவர்கள் அங்கே கிடந்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று. அந்த லயங்களில் போன் இல்லாமலா இருந்தது?

இங்கே ஒரு பழைய ஞாபகம் சொல்ல வேண்டும். இதே மூணாறில் 1902லேயே தேயிலையைக் கொண்டு போக மானோ ரயில் போட்டார்கள். பிறகு 1908ல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1924 வெள்ளத்தில் ரயில் அழியும் வரை அந்த ஏற்பாடு நடந்தது. இலைக்கு வேண்டிய தொழில்நுட்பம் இந்த மலைக்கு எந்தக் காலத்திலும் தாமதமாக வந்ததில்லை.

சரி, சர்க்கார் பணம் ஒதுக்கவில்லையா? ஒதுக்கியிருக்கிறது. 2022 ஜூலையில் 4ஜி சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்காக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய மந்திரிசபை ஏற்றது. அதற்கும் முன்பே, 2002லிருந்து, எல்லா டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்திலும் ஐந்து சதவீதம் கிராமப்புறச் சேவைக்கென்று வசூலாகி வருகிறது. லயத்துத் தொழிலாளி ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு தடவையும் அந்த நிதிக்கு அவரும் பங்கு போடுகிறார். கோளாறு பணத்தில் அல்ல, கணக்கெடுப்பில்தான் என்பது நமது அபிப்பிராயம். 'கிராமம்' என்று கணக்கெடுத்தால் சமவெளிக்குப் பொருந்தும். மூணாறு பஜாரும் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளும் அடங்கிய கண்ணன் தேவன் மலை ஒரே ரெவின்யூ கிராமம். பஜாரில் சிக்னல் இருப்பதாலேயே கிராமத்துக்குச் சேவை உண்டு என்று எழுதிவிட்டால், மலைக்கு அந்தப் பக்கத்து டிவிஷன்கள் காகிதத்தில் காணாமல் போகின்றன. மாநில சர்க்காரின் கே-போன் திட்டத்திலும் இதே மாதிரி ஒரு சமத்துவம்தான். 2023 ஜூனில் தொடங்கியபோது முதற்கட்டமாக 140 தொகுதிகளிலும் தொகுதிக்கு நூறு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றார்கள். தேவிகுளத்துக்கும் நூறு, எர்ணாகுளத்துக்கும் நூறு. பார்வைக்கு நியாயம், நடப்பில், இரண்டாவது இணைப்பு பெறுகிறவருக்கும் முதல் இணைப்புக்கே வழியில்லாதவருக்கும் ஒரே பந்தி.

மொழி விஷயம் இன்னொன்று. 2017லிருந்து போனில் தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதியைக் கூகுள் கொடுத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தடுமாறும் வயோதிகர்கள்கூட பேரனிடம் கேட்காமல் வாய்ப்பேச்சில் தேடிக்கொள்கிறார்கள். ஆனால் அதே வயோதிகர் ஜாதிச் சான்றிதழுக்கோ வருமானச் சான்றிதழுக்கோ அக்ஷயா மையத்துக்குப் போனால் திரையில் வருவது மலையாளமும் ஆங்கிலமும். சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் தமிழ்ச் சிறுபான்மையினர் சர்க்காருக்குத் தமிழிலேயே எழுதலாம் என்பது 1969 ஆட்சிமொழிச் சட்டமும் அதன் திருத்தமும் தந்த உரிமை. அது காகிதத்தில் மனு எழுதிய காலத்து உரிமை. மனு கம்ப்யூட்டருக்குள் போனதும் உரிமை வெளியே நின்றுவிட்டது. அதை யாரும் ரத்து செய்யவில்லை. கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கட்டம் வைக்கவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆபீஸ் கற்றுக்கொள்ளாத தமிழை, வியாபாரத்துக்காக வந்த அந்நியக் கம்பெனி கற்றுக்கொண்டிருக்கிறது. கம்பெனியை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. முடியாத காரியம் அல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

2020ல் இரண்டு மாநிலங்களுக்கும் இடையே போய்வரத் தமிழ்நாட்டு இ-பாஸ் ஒன்று, கேரளத்து ஜாக்ரதா பதிவு ஒன்று என்று இரண்டு அனுமதி தேவைப்பட்டதையும், வாளையாரில் ஜனங்கள் போனை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றதையும் எல்லைப்புறத்தார் மறந்திருக்க முடியாது. எல்லையில் இருப்பவனுக்கு எல்லாமே இரண்டாகத்தான் வருகிறது.

இனி என்ன செய்யலாம்? பெரிய யோசனைகள் தேவையில்லை. கணக்கெடுப்பைக் கிராமவாரியாக அல்லாமல் லயம் வாரியாக, ஊர் வாரியாக எடுக்க வேண்டும். இந்த விவரம் எஸ்டேட் நிர்வாகத்திடமும் தொழிற்சங்கங்களிடமும் தயாராக இருக்கிறது. சர்க்கார் போர்ட்டல்களில் தமிழும் கன்னடமும் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஐ.டி. இலாகாவின் ஓர் உத்தரவு போதும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, மலை மேல் இருக்கும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் கரண்ட் இல்லாமலே சில நாள் தாங்கும் பாட்டரியும் ஜெனரேட்டருக்கு டீசலும் இருப்பில் உண்டா என்று மே மாதத்துக்குள் கலெக்டர் பரிசோதித்துப் பட்டியலை வெளியிட வேண்டும். 2023 அக்டோபரில் நம் போன்களையெல்லாம் ஒரே நேரத்தில் அலற வைத்து அபாய அறிவிப்பு ஒத்திகை பார்த்தார்கள். அந்த அலறலும் கோபுரம் உயிரோடு இருந்தால்தான் லயத்துக்கு வரும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் ராஜமலைக்கு மேலே பாட்டரி ஏற்றிக்கொண்டு போக ஜீப்புக்கும் வழி இருக்காது.