பி.எச். 7 என்கிற மூடநம்பிக்கை

காலையில் ராசிபலன் பார்க்காமல் வாசற்படி தாண்டாத ஆசாமிகள் ஊருக்கு நாலு பேர் உண்டு. செடித்தொட்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்த ஜாதிதான். என்ன, ராசிபலனுக்குப் பதிலாக பி.எச். பார்ப்பார்கள்! டெஸ்ட் கிட்டில் நாலு சொட்டு விட்டு, நிறம் நீலமாக வந்துவிட்டால் போச்சு... அன்றைக்கு முழுக்க முகத்தில் ஈயாடாது. அடுத்த வேலை, கடைக்கு ஓடி 'பி.எச். டவுன்' பாட்டில் வாங்குவது.

இந்தப் பாட்டில் வியாபாரத்தை விட வெட்டியான வியாபாரம் மீன் உலகத்தில் இல்லை. ஏன் என்று பார்க்கலாம்.

1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன் என்பவர் கொண்டுவந்த அளவுகோல் இது. இதில் ஒரு எண் மாறினால் பத்து மடங்கு மாற்றம். 8-லிருந்து 7 என்பது ஏதோ ஒரு ரூபாய் குறைந்த கதை இல்லை. 'கொஞ்சூண்டுதானே இறக்குறோம்' என்று சொல்பவர்கள் மறப்பது இதைத்தான்.

ஆனால் அசல் விஷயம் பி.எச். இல்லவே இல்லை, கே.எச்.! அதாவது கார்பனேட் கடினத்தன்மை, தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டின் கையிருப்பு. பி.எச். என்பது தினசரி ஏறி இறங்கும் பங்கு விலை மாதிரி. கே.எச்.தான் கம்பெனியின் ரிசர்வ். விலையை மட்டும் பார்த்துவிட்டு பேலன்ஸ் ஷீட்டைத் திறக்காதவனை என்ன சொல்வது?

சென்னையில் பல வீடுகளில் வருவது உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த போர் தண்ணீர். அதன் கே.எச். 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாட்டில் அமிலத்தை ஊற்றினால் அமிலம் பைகார்பனேட்டில் ஒரு பங்கைக் கரியமில வாயுவாக மாற்றும். உடனே பி.எச். இறங்கும். ஆசாமிக்கு சந்தோஷம்! ராத்திரியோடு ராத்திரியாக அந்த வாயு காற்றில் கலந்துவிடும். காலையில் பார்த்தால் பி.எச். கிட்டத்தட்ட பழைய இடத்தில். மறுபடி பாட்டில். மறுபடி ஏற்றம். இப்படி ஏறி இறங்குவதில் நொந்து போவது வாயில்லா ஜீவன்.

அதுவும் புதுத் தொட்டியாக இருந்தால் இன்னும் மோசம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவில் விஷமான பகுதி, 25 டிகிரியில் பி.எச். 7-ல் 0.6 சதவீதம் போல இருக்கும். 8-க்கு ஏறினால் சுமார் 5 சதவீதம். ஒரே ராத்திரியில் விஷம் எட்டொன்பது மடங்கு! 'நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால்? ஒருநாள் ரிசர்வ் காலி. அதன்பிறகு பி.எச். இறங்காது, விழும். கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்து படுத்துவிடும். அப்புறம் மிதக்கும் மீன்களை எண்ண வேண்டியதுதான்.

'அப்போ செடிக்கு கரியமில வாயு விடுறாங்களே, அதுலயும் பி.எச். ஒரு எண் இறங்குதே?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அங்கே கே.எச். அப்படியே இருக்கிறது. வாயு வருகிறது, போகிறது, உப்புக் கணக்கு மாறுவதில்லை. அதனால் அந்த ஏற்ற இறக்கத்தை மீன்கள் தாங்கும். அளவு மீறினால் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். அதைக் காட்டிக்கொடுக்கத்தான் டிராப் செக்கர். கே.எச். 4 தண்ணீர் ஊற்றிய செக்கரில் பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் வாயுவைக் குறைக்க வேண்டும்.

நிஜமாகவே மென்மையான தண்ணீர் தேவைப்படும் ஆட்கள் உண்டு. டிஸ்கஸ் இனப்பெருக்கம் செய்பவர்கள், சில நுணுக்கமான செடி வளர்ப்பவர்கள். அவர்களுக்கும் வழி பாட்டில் இல்லை, ஆர்.ஓ. தண்ணீர். கே.எச். 12 தண்ணீரில் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்தால் 6. ஒரு பாட்டில் செய்யாததை ஒரு வகுத்தல் கணக்கு செய்துவிடும்! அதையும் ஒரே நாளில் செய்யாமல், வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக.

மற்றவர்களுக்கு? கப்பியும் மோலியும் கடினத் தண்ணீரிலேயே சுகமாக இருக்கும். வாலிஸ்னேரியா பைகார்பனேட்டையே உணவாக்கிக்கொள்ளும் செடி. உள்ளூர்ப் பண்ணையில் உள்ளூர்த் தண்ணீரில் பிறந்து வளர்ந்த மீனுக்கு அமேசான் நதியின் பி.எச். எதற்கு?

தண்ணீருக்கேற்ற மீனை வாங்குவது புத்திசாலித்தனம். மீனை வாங்கிவிட்டுத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவது வீம்பு. அடுத்த தடவை கடைக்காரர் பாட்டிலை நீட்டினால் ஒரே ஒரு கேள்வி போதும்: "அண்ணே, கே.எச். டெஸ்ட் கிட் இருக்கா?"