விறகுவெட்டியின் காதலி



"மந்திரக் குகை, ராஜகுமாரன், காதல்... இதெல்லாம் சின்னப் புள்ளைங்க சமாச்சாரம்பா! மொதல்ல அரியரை கிளியர் பண்ற வழியப் பாரு!" என்பது நம் கேன்டீனில் அடிக்கடி ஒலிக்கும் வசனம். அப்படியானால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய, காசிமேட்டில் வலை இழுத்த, எண்ணூரில் ஷிப்டு பார்த்த நம் தாத்தாக்கள் இந்தக் கதைகளை ஏன் அப்படி ரசித்தார்கள்? அவர்கள் என்ன விவரம் இல்லாதவர்களா?

1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். மூலக்கதையில் அலிபாபா கல்யாணமானவன். திருடர்களிடமிருந்து அவன் உயிரைக் காப்பாற்றுபவள் மார்ஜியானா என்ற அடிமைப் பெண். அதற்குப் பரிசாக அவளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கிறான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் இதை மாற்றினார்கள். எம்.ஜி.ஆர். விறகுவெட்டி, பானுமதி அவன் காதலி! புதையல் கிடைப்பதற்கு முன்பே காதல் வந்துவிடுகிறது.

"மூலத்தைக் கெடுத்துட்டாங்க" என்று யாரும் கொதிக்க வேண்டாம். அரபு மொழியின் பழைய சுவடிகளில் அலிபாபா கதையே கிடையாது. 1709-இல் ஹன்னா தியாப் என்ற சிரியாக்காரர் பாரீசில் சொல்ல, அதைக் கேட்டு பிரெஞ்சில் விரித்து எழுதியவர் அந்துவான் காலாந். ஆக, மூலமே ஒருவர் சொல்ல இன்னொருவர் திருப்பிச் சொன்னதுதான்!

அதே 1956-இல், அதே ஜோடி நடித்த 'மதுரை வீரன்' படமும் வந்தது. செருப்புத் தைப்பவர் வளர்த்த பிள்ளை, பாளையக்காரர் மகள் பொம்மியைக் காதலிக்கிறான். முடிவில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். இது நம் மண்ணின் கதை. சாதி தாண்டிய காதலுக்கு இங்கே என்ன விலை என்பதை ஒளிக்காமல் சொன்ன கதை. ஆனால் அதிலும் ஒரு உறுத்தல்: அவன் பிறப்பால் காசி ராஜா மகனாம்! ஏன், செருப்புத் தைப்பவரின் சொந்த மகன் காதலித்தால் ஆகாதா?

இங்கேதான் அலிபாபா ஜெயிக்கிறான். அவனுக்கு ராஜ பரம்பரை ஏதும் தேவைப்படவில்லை. நிஜத்தில் வெட்டப்படுபவன் கற்பனையிலாவது வாழட்டும் என்ற ஏக்கம்தான் இக்கதைகளின் கவர்ச்சி. அது ஏமாளித்தனம் அல்ல, நியாயமான ஆசை!

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடப்பட்டது. கொட்டகை போனாலும் கதை போகவில்லை, செல்போனுக்குள் வந்துவிட்டது. சிண்ட்ரெல்லாவும் அலாவுதீனும் புதுப்புது வேஷத்தில் வருகிறார்கள். தாராளமாகப் பாருங்கள், படியுங்கள். ஆனால் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். ஏழை நாயகன் ஏழையாகவே மதிக்கப்படுகிறானா, இல்லை கடைசியில் ராஜா மகனாக்கி விடுகிறார்களா? நாயகிக்கு மார்ஜியானா போலச் சொந்த மூளை இருக்கிறதா, இல்லை யாராவது வந்து தூக்கிப்போகக் காத்திருக்கிறாளா?

நாளை ஐ.டி. கார்டு மாட்டி வேலைக்குப் போகப்போகும் நாம், யாரைக் காதலித்தாலும் "அவன் யார் மகன்?" என்ற கேள்வி நம் வீட்டு வாசலிலும் நிற்கும். அன்றைக்கு நாம் சொல்லும் பதில்தான் இந்தக் கதையின் அடுத்த வடிவம். சிந்திப்போம் தோழர்களே!